எழுதிப் போட்டபடி ஓடின பஸ்

பஸ் கம்பெனியில் டைம்கீப்பர் என்றால் கையில் கடிகாரம் இருக்கும். நேரம் மட்டும் ஊரார் கையில் இருக்கும். இது தெரியாமல் அந்த வேலைக்குப் போனவன் நான். உங்களில் யாராவது ஆபீஸிலோ ஆலையிலோ கடையிலோ "இனிமேல் இப்படித்தான்" என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டு, மறுநாள் வந்து பார்த்தால் அந்தத் தாளின் மேல் யாரோ குடையை மாட்டியிருக்க, அந்தக் குடையையே பார்த்துக்கொண்டு நின்றதுண்டா? அப்படியானால் நீங்கள் என் சொந்தக்காரர். பக்கத்தில் வந்து உட்காருங்கள். நான் சொல்வதில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். அது வயசுக்கு உண்டான சலுகை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள். பைக்காரா மின்சாரம் வந்து, கோயமுத்தூரில் திரும்பின பக்கமெல்லாம் மில்லுக்குக் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். புகையிலை வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்த எங்கள் முதலாளி, எல்லோரும் மில்லு கட்டுகிறார்களே, மில்லுக்குப் போகிறவன் எதில் போவான் என்று யோசித்து இரண்டு பஸ் வாங்கினார். சூலூர், பல்லடம் வழியாகத் தாராபுரம். முதல் பஸ் நன்றாகத்தான் ஓடியது. காலை ஆறரை மணி பஸ் என்று பேர் வாங்கிய இரண்டாவது பஸ், எப்போது கிளம்பும் என்று அதற்கே தெரியாது. அவசரக்காரர்களெல்லாம் வேறு கம்பெனி வண்டிக்குப் போய்விட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான், தாராபுரத்துக்குத் தபால் பை கொண்டுபோக இலாகாவில் ஒரு பஸ் தேடுகிறார்கள், நேரத்துக்குப் போகிற வண்டிக்குத்தான் பை என்று சேதி வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார். நான் டைம்கீப்பர்தான், ஆனாலும் பேனா பிடிக்கிறவன் என்பதால் எல்லோருக்கும் ரைட்டர். "ரைட்டரே, தபால் பை கெடச்சா இந்த ஆறரை வண்டி பொழைக்கும். கெடைக்காட்டி வித்துப்போடுவேன். அப்பறம் டிரைவர் ராமசாமி, கண்டக்டர் குழந்தைவேலு, நீங்க, மூணு பேரும் ஊட்டுக்குப் போயிரோணும். ரயில்காரன் எல்லாத்தையும் எழுதி வச்சு, அதும்படிதான் ஓட்டறானாம். நீங்களும் எழுதிப் போடுங்க" என்றார். ராமசாமியண்ணனுக்கு நாலு பெண்கள். குழந்தைவேலுவுக்குப் புதுக் கல்யாணம். எனக்கு நல்ல பசி. எழுத உட்கார்ந்தேன்.

துண்டு பிடித்த இடம்

அந்தக் காலத்தில் பஸ்ஸில் இடம் பிடிக்க ஆள் வரவேண்டியதில்லை, துண்டு வந்தால் போதும். தோட்டத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வருவார், சீட்டின் மேல் துண்டை விரித்துப் போடுவார், போய்விடுவார். துண்டுக்கு உடையவர் வருகிறவரை பஸ் நிற்கும். நிற்கச் சொல்லி யாரும் அதிகாரம் பண்ணுவதில்லை. ஆனால் ஒரு மனுசருடைய துண்டை ஏற்றிக்கொண்டு மனுசரை விட்டுவிட்டுப் போக எங்கள் பக்கத்தில் யாருக்கும் மனசு வராது. ஒருநாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், பஸ் நிறையத் துண்டு, ஆள் ஒருத்தர் இல்லை. காயப்போட்ட துணியை ஏற்றிக்கொண்டு தாராபுரம் போகிற வண்டி மாதிரி நின்றது.

முன் சீட்டுத் துண்டு கருப்பண்ண கவுண்டருடையது. பீளமேட்டுப் பக்கம் பெரிய தோட்டம். அவர் குளித்து, பலகாரம் சாப்பிட்டு, மாட்டுக்குத் தீவனம் சொல்லிவிட்டு, சாவகாசமாக வந்தார். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கடிகாரத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். கடிகாரம் நல்லாயிருக்குதுங்களே என்று வாங்கிப் பார்த்தார், காதில் வைத்துக் கேட்டார், திருப்பிக் கொடுத்தார். "ஆறரை மணி வண்டிங்க, இப்ப ஏழேகால்" என்றேன். அவருக்கு என் கஷ்டம் புரியவே இல்லை. ரொம்பப் பிரியமாகச் சொன்னார்: "துண்டு ஆறு மணிக்கே வந்துருச்சுங்களே, அப்பறம் நான் வந்த மாதிரித்தானுங்க!"

மோர் குடித்த வண்டி

ராமசாமியண்ணன் நல்ல டிரைவர். ஒரே குறை, வண்டி தன்னோடு பேசுகிறது என்று நம்பினார். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்ற ஓர் இடம் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா என்றால், "தாகம் எடுத்தா அதுவே சொல்லுமுங்க" என்பார். சித்திரை மாசத்தில் நானும் கூடப் போன ஒருநாள், பல்லடம் தாண்டிக் குண்டடம் போகிற வெறும் பொட்டலில், வண்டி சொல்லவில்லை, கத்தியது. ஆவி மேலே போன உயரத்தைப் பார்த்து, மேகம் கட்டிவிட்டது என்று காங்கயம் பக்கத்தில் ஏர் பூட்டிவிட்டார்களாம். சுற்றி ஒரு கிணறு இல்லை, இருந்த கிணற்றிலும் தண்ணி இல்லை.

பின் சீட்டில் பாப்பாத்தியம்மாள் என்று ஓர் அம்மாள், மகள் வீட்டுக்கு ஒரு பானை மோர் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். குழந்தைவேலு போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அந்த அம்மாள் பானையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஊற்றினோம். வண்டி ஓர் ஏப்பம் விட்டுவிட்டுக் கிளம்பியது. அதற்கப்புறம் வந்த வாசனையில், தாய் என்று நினைத்து ஒரு கன்றுக்குட்டி தாராபுரம் வரைக்கும் கூடவே ஓடி வந்தது. நம்பாதவர்கள் கன்றுக்குட்டியைக் கேட்டுக்கொள்ளலாம்.

தாராபுரத்தில் இறங்கியதும் காலிப் பானையை அவரிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். இனிமேல் சூலூர்க் குளத்தில் தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எழுதிப் போடப்போகிறேன் அம்மா என்று சொன்னேன். அவருக்கு மனசில் இருந்தது வேறு. "மோரு போனாப் போகுதுங்க. அந்தக் கொதிக்கற வெயில்ல வாயில்லா வண்டிக்கு ஊத்துனீங்களே, ஒரு கல் உப்புப் போட்டு ஊத்தக் கூடாதுங்களா?"

ஆடாத கண்ணாடி

கடைசியில் நாலே நாலு வரி எழுதினேன். ஆறரைக்கு வண்டி கிளம்பும். ஆளுக்குத்தான் இடம், துண்டுக்கு இல்லை. எழுதின நிறுத்தத்தில் மட்டும் நிற்கும். சூலூரில் தண்ணீர் ஊற்ற வேண்டும். முதலாளி முதலில் சொன்னது முழ நீளத்துக்கு இருந்தது. பயணிகள் வழியில் சண்டை போடக் கூடாது, மாமியாரைப் பற்றிப் பேசக் கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. அவர் காலில் விழாத குறையாகக் குறைத்தேன். கெட்டித் தாளில், கறுப்பு மையில், என் வாழ்நாளில் எழுதின எழுத்திலேயே நல்ல எழுத்தில் எழுதி, பஸ்ஸுக்குள் ஒட்டிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் தாளைக் காணோம். வண்டி முழுக்கத் தேடினேன். ஜன்னல் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் அழகாக எட்டாக மடித்துச் சொருகியிருந்தது. அந்தக் கண்ணாடி வாங்கின நாள் முதல் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்ததாம். என் முகத்தைப் பார்த்துக் குழந்தைவேலு பதறிப்போனான். நல்ல பையன், யாரும் வருத்தப்படப் பொறுக்கமாட்டான். கண்ணாடியைத் தட்டிக் காட்டி ஆறுதல் சொன்னான்: "நீங்க எழுதுனது வீண் போகலீங்க ரைட்டரே, இத்தனை நாளா ஆடுன கண்ணாடி இன்னைக்குத்தான் சும்மா இருக்குது."

பலகைக்குப் பூசை

தாள் வேலைக்காகாது என்று தகரத்தில் பெயிண்டரை விட்டு எழுதி, டிரைவர் தலைக்கு மேலே ஆணி அடித்து மாட்டினேன். கழற்ற முடியாது, சொருக முடியாது. படிக்கவும் ஆளில்லை. ராமசாமியண்ணனுக்கு எழுத்து வராது. குழந்தைவேலு அதில் கண்ணாடி போல முகம் பார்த்துத் தலை சீவினான். பஸ் ஏழு மணிக்கும் போனது, ஏழரைக்கும் போனது. தபால்காரர்கள் பார்த்துவிட்டுப் போகப் பரீட்சை ஓட்டம் ஒன்று வைப்பார்கள் என்று பேச்சு வந்தது. முதலாளி இரண்டாவது வண்டிக்கு விலை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

அதற்குள் ஆயுத பூசை வந்தது. வண்டியைக் கழுவி, வாழைக் கன்று கட்டி, பொரிகடலை வைத்து, ராமசாமியண்ணன் ஒவ்வொரு சாமானாகச் சந்தனம் பூசிக்கொண்டு வந்தார். ஸ்டீரிங், பிரேக், ஆரன். அப்படியே கை மேலே போய்ப் பலகைக்கும் பூசிவிட்டது. ஓர் எழுத்து வெளியே தெரியவில்லை. "அண்ணா, எழுத்தெல்லாம் மறைஞ்சு போச்சே!" என்று கத்தினேன். "உள்ளதானுங்க இருக்குது. அதுல என்னன்னு இருக்குதுன்னு சூடம் எரியறப்ப நீங்களே சத்தமாச் சொல்லிப்போடுங்க" என்றார். சொன்னேன். டிரைவர், கண்டக்டர், கிளீனர், பொரிக்கு நின்ற பயணிகள் எல்லோரும் என் பின்னாலேயே நாலு வரியையும் சொல்லி, சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஸ்டாண்டில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆறரை அடித்தது. பஸ் கிளம்பிவிட்டது! டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. சாயங்காலம் வண்டி திரும்பியதும் ஓடிப்போய், இத்தனை மாசம் நான் தொண்டை கிழியச் சொன்னேனே அண்ணா, இன்றைக்கு மட்டும் எப்படி என்று கேட்டேன். அவர் சந்தனம் காய்ந்த பலகையை ஒருமுறை கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "நேத்து வரைக்கும் அது நீங்க எழுதுனதுங்க, இன்னைக்கு அது சாமியோடது; உங்களை ஏமாத்தலாம், அதை ஏமாத்த முடியுங்களா?"

கும்பிட்டுப் போன மாப்பிள்ளை

சாமியானாலும் சங்கடம் சங்கடம்தான். குழந்தைவேலுவின் மாமனார் பல்லடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு காட்டுப் பாதையில், தோளில் வாழைத்தாரோடு கை காட்டினார். மகளைப் பார்க்க வருகிறார். அது எழுதின நிறுத்தம் இல்லை. மாப்பிள்ளை ஓட்டுகிற வண்டியாகவே நினைத்துச் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார் மனுசர். ராமசாமியண்ணன் பலகையைப் பார்த்தார், குழந்தைவேலுவைப் பார்த்தார், மிதித்துக்கொண்டு போய்விட்டார். குழந்தைவேலு ஜன்னலுக்கு வெளியே இடுப்பு வரை நீட்டி, "மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க மாமா, அடுத்த நிறுத்தத்துக்கு வந்துருங்க மாமா!" என்று கும்பிட்டுக்கொண்டே போனான். மாமனார் புள்ளியாகிற வரைக்கும் அவன் குவித்த கையைக் கீழே போடவில்லை.

அன்று ராத்திரி அவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கேள்வி. மறுநாள் அவன் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. எழுதினவன் நான்தானே. இரண்டு நாள் கழித்து அந்த மாமனாரே ஸ்டாண்டுக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் கம்பு வேறு. நான் கடிகாரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடத் தயாரானேன். வந்தவர் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "நிறுத்தாமப் போனாலும் மாப்பிள்ளை கும்புட்டுக்கிட்டே போனாருங்க, அது போதும், கோழி அடிச்சிருக்குது, சோத்துக்கு வரச் சொல்லுங்க, கூட நீங்களும் வாங்க."

கவுண்டரே வந்தார்

இரண்டு தடவை துண்டு மட்டும் தாராபுரம் போய்த் திரும்பி வந்ததில் கருப்பண்ண கவுண்டருக்கு விஷயம் விளங்கிவிட்டது. மூன்றாம் நாள் கோழி கூவுவதற்கு முன்னாலேயே வந்து முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். புதிதாக ஒரு பாக்கெட் கடிகாரம் வாங்கியிருந்தார், என்னுடையதைவிடப் பெரிசு. ஆறரைக்கு ஓர் இமைப்பொழுது தாண்டினாலும் டிரைவர் முதுகில் விரலால் தட்டுவார். பக்கத்துச் சீட்டில் யாரோ துண்டு போட்டுவிட்டு இறங்கப் பார்த்தபோது, அந்தத் துண்டை எடுத்து அந்த ஆள் தோளிலேயே போட்டுச் சொன்னார்: "அந்தக் காலமெல்லாம் போச்சுங்க, நானே இப்ப ஆளாத்தான் வாரேன்."

வராத பை

பரீட்சை நாள் வந்தது. காலையில் தபால் பையை வாங்கி வண்டியில் ஏற்ற வேண்டும். நேரத்துக்குத் தாராபுரம் சேர்ந்தால் பை நமக்கு. முதலாளி தோட்டத்திலிருந்து தன் ரேக்ளா வண்டியிலேயே வந்துவிட்டார். மரியாதையாகக் கூட இருந்து அழைத்து வருவோம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு தபால் ஆபீஸுக்குப் போனார். அங்கே பையின் வாயைக் கட்டிவிட்டார்கள். முத்திரை வைக்க அரக்கு வேண்டும். அரக்கு பீரோவில் இருந்தது. பீரோச் சாவி போஸ்ட்மாஸ்டர் வீட்டில் இருந்தது. போஸ்ட்மாஸ்டர் வீட்டில் அன்றைக்குப் பார்த்து ஏதோ விசேஷம். சாவி வந்து, அரக்கு உருகி, பை எங்கள் கைக்கு வந்து, ஸ்டாண்டுக்கு ஓடி வந்தால், பஸ் நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டு மட்டும் இருந்தது.

முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏறுங்க ரைட்டரே!" என்றார். ரேக்ளாவில் ஓர் ஆள் உட்காரத்தான் இடம். முதலாளி உட்கார்ந்தார், நான் அவர் முதுகில் தொற்றினேன், பை என் முதுகில் தொற்றியது. காங்கயம் காளைகள் ஒரு தாவுத் தாவின பாருங்கள், என் தலைப்பாகை சிங்காநல்லூரில் கழன்றது, அது தரையில் விழுவதற்குள் நாங்கள் அடுத்த ஊரில் இருந்தோம். பஸ்ஸை எட்டிப் பிடித்துப் பக்கத்திலேயே போனோம். முதலாளி சாட்டையை ஆட்டி, "நிறுத்துங்கப்பா! நான்தானப்பா! பை, பை!" என்று அலறினார். குழந்தைவேலு இடுப்பு வரை வெளியே வந்து இரண்டு கையும் குவித்தான். "இங்க நிறுத்தம் இல்லீங்க முதலாளி, சூலூருக்கு வந்துருங்க!"

சூலூர்க் குளத்தில் ராமசாமியண்ணன் நிதானமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "ஏப்பா ராமசாமி, இந்தப் பைக்காகத்தானப்பா இத்தனை பாடும்! அதையே உட்டுப்போட்டு வந்துட்டியே!" என்றார் முதலாளி. ராமசாமியண்ணன் குடத்தைக் கீழே வைத்தார். "ஆறரை ஆயிருச்சுங்க. வராத பைக்கு நிக்கோணும்னு அதுல இல்லீங்களே." முதலாளி குளத்துக் கரையில் போய் உட்கார்ந்துவிட்டார். "செரி, போச்சு. பையை உட்டுப்போட்டு வந்த சேதி தபால் ஆபீஸுக்குத் தெரியாமயா போயிரும்? வண்டியை வித்துப்போட வேண்டியதுதான்" என்றார். குழந்தைவேலு என்னிடமிருந்து தபால் பையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான், கண் கலங்கிவிட்டது. ராமசாமியண்ணன் நாலு பெண்களையும் அந்த இடத்திலேயே மனசுக்குள் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அப்போது கருப்பண்ண கவுண்டருக்குப் பக்கத்திலிருந்து, தலையில் துண்டு கட்டின ஒருவர் இறங்கி வந்தார். துண்டை அவிழ்த்தார். தபால் இன்ஸ்பெக்டர்! ஸ்டாண்டிலிருந்தே பயணி மாதிரி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். முதலாளி வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். இன்ஸ்பெக்டர் பேச வாயைத் திறந்தார். குழந்தைவேலு கண்ணைத் துடைத்துக்கொண்டே விசில் ஊதி, "நேரமாச்சுங்க, ஏறி உக்காந்து பேசுங்க" என்றான். எனக்கு உயிர் போய்விட்டது. அவர் மறுபேச்சில்லாமல் படியில் கால் வைத்து, எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்: "உங்க பஸ்ஸில ஒரு குத்தமும் இல்லை, பை நாளையிலிருந்து உங்களுக்குத்தான், எங்க ஆபீஸில மாட்ட இதே மாதிரி ஒரு பலகை எழுதித் தருவீங்களா?"

ஒரு வரிக்கு ஒரு தேங்காய்

வண்டி பிழைத்தது. நாங்கள் மூன்று பேரும் பிழைத்தோம். ஆனால் ஐந்தாவதாக ஒரு வரி வேண்டியிருந்தது: தபால் பைக்காகப் பத்து நிமிஷம் காத்திருக்கலாம். அன்றைக்கே பெயிண்டரைக் கூப்பிட்டு எழுதிவிட்டேன். மறுநாள் பை கொஞ்சம் பிந்தியது. பஸ் ஆறரைக்கே கிளம்பி, என்னை மறுபடி ரேக்ளாவில் ஏற்றிவிட்டது.

இந்தத் தடவை சூலூர் வரைக்கும் தொங்கிக்கொண்டு போய், மூச்சு வாங்க, "அண்ணா, அதுதான் எழுதிப் போட்டிருக்கிறேனே!" என்றேன். ராமசாமியண்ணன் பலகையை நிமிர்ந்து பார்த்தார். மேலே நாலு வரிக்கும் சந்தனம், குங்குமம். ஐந்தாவது வரி பச்சைப் பெயிண்டில் மொட்டையாக இருந்தது. அன்று சாயங்காலம் முதலாளி தேங்காயும் சூடமும் வாங்கிக்கொண்டு வரும்படி ஆயிற்று. அதிலிருந்து எத்தனையோ வரி சேர்க்க ஆசைப்பட்டார். தேங்காய்க் கடைப் பக்கம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வார். மாமியார் வரி கடைசி வரை வரவே இல்லை. அதற்கெல்லாம் காரணம் அன்றைக்குக் குளத்தங்கரையில் ராமசாமியண்ணன் என்னிடம் கேட்ட கேள்விதான்: "தேங்கா ஒடைக்காத வரியை நம்பி எப்படீங்க வண்டியை நிறுத்தறது?"

ஆகவே அன்பர்களே, உங்கள் ஆபீஸ் சுவரில் எழுதிப் போட்டதை ஒருத்தரும் மதிக்கவில்லை என்றால், எழுத்தைக் குறை சொல்வதற்கு முன்னால், அதற்கு ஒரு தேங்காயாவது உடைத்தோமா என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.